பெண்கள் புறப்பட்டுப் போகாத ஊர்

1

சென்ற மாதம் மட்டக்களப்புக் கடைத்தெருவில் நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சந்தித்தேன். வீரவநல்லூர்க்காரர். உலக யுத்தம் முடிந்த கையோடு புடவை வியாபாரத்துக்காக வந்தவர். குடும்பம் ஊரில் இருக்கிறது. என் பேச்சில் எங்கோ ஒரு சொல் தாமிரபரணிக் கரையைக் காட்டிக்கொடுத்துவிட்டது போலிருக்கிறது. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க வந்து எம்புட்டோ காலமாச்சுன்னு சொல்லுதாங்க. வீட்டுல உள்ளவங்களையும் கூட்டியாந்து இங்கயே இருந்துரலாமா? நல்லது கெட்டதைக் கொஞ்சம் சொல்லுங்க."

அப்போது என் வாயில் சரியான பதில் வரவில்லை. காய்ச்சல் உண்டு, தண்ணீர் நன்றாக இருக்கும், சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீடு வந்த பிறகுதான், சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை என்று உறுத்தியது. நான் எட்டாம் வகுப்புவரை படித்த கொத்தனார். எழுதிப் பழக்கமில்லாதவன். இருந்தாலும் ஊரில் அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் நாலு பேருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

2

மட்டக்களப்புக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் பாலம் கட்டும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவன் நான். தாய் தகப்பன் இல்லாமல் அக்காள் ஆவுடையம்மாள் வளர்த்த பிள்ளை. அக்காள் வீட்டிலிருந்துதான் புறப்பட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி இசக்கியை அக்காளிடம் விட்டுவிட்டு வந்தேன்.

கப்பல் ஏறுமுன் மண்டபத்து முகாமில் எங்கள் துணிகளை ஆவியில் வேகவைத்துத் தந்தார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்திக் கையில் ஊசி போட்டார்கள். கப்பலில் பாதிப் பேர் வாந்தி. இதெல்லாம் எல்லோரும் சொல்லுகிற கதை. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு பார்த்ததை.

பாலவேலை முடிந்ததும் தெற்கே குருக்கள்மடத்தில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது என்று அழைத்துப் போனார்கள். விடியும்போது போய்ச் சேர்ந்தேன். மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். அலை இல்லை. வானத்து நிறமெல்லாம் அப்படியே கீழே கிடந்தது. கடல்தான் இப்படி அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்தேன். பின்னால் திரும்பினால் தென்னைகளுக்கு அப்பால் இன்னொரு இரைச்சல். அதுதான் கடல். முன்னால் கிடந்தது வாவி. ஆட்கள் அதை ஆறு என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பாய் விரித்த மாதிரி மணல் துண்டு. அதன்மேல் ஊர்.

இந்த மணலில் எப்படி வீடு நிற்கும் என்று சந்தேகத்தோடு கடைகால் தோண்டினேன். முழங்கை ஆழம் போனதும் தண்ணீர் சுரந்தது. இரண்டு பக்கமும் உப்பு. இது எப்படி இருந்துவிடப் போகிறது என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இளநீர் போல இருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே குந்திக்கொண்டேன். நம் ஊரில் கிணற்றுக்காகப் பாறையை உடைத்து உடைத்துச் செத்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த மாரியில் இன்னொன்று பார்த்தேன். மேற்கே காட்டில் பெய்த மழையெல்லாம் வாவிக்கு வந்து, வயலும் வீட்டு வளவும் மூழ்கும்போல ஆனது. தெற்கே கல்லாற்றுப் பக்கம் கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டு அடைத்துக் கிடக்கும். அதை வெட்டிவிட ஊர் திரண்டு போயிற்று. நானும் மண்வெட்டியோடு போனேன். ஒரு வாய்க்கால் அகலம்தான் வெட்டினோம். "ஓடுங்க, ஓடுங்க" என்று ஒருவர் கத்தினார். ஓடித் திரும்பிப் பார்த்தால், நாங்கள் நின்ற இடத்தில் நிலமே இல்லை. வாவி முழுவதும் எழுந்து கடலுக்குள் நடந்து போவதுபோல இருந்தது. பாலம் கட்டியவன் ஆகையால் தண்ணீரின் பலம் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அன்றைக்கு அந்த எண்ணம் போயிற்று. நெடுநேரம் கைகட்டி நின்றேன், கோவிலில் நிற்பதுபோல.

3

மறு வருஷம் இசக்கியை அழைத்து வந்தேன். தங்கப்பிள்ளை என்ற அம்மாளின் வளவில் ஒரு சிறு குடிசை கிடைத்தது. தங்கப்பிள்ளை அக்காளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவர் கணவர் வாவியில் மீன் பிடிப்பவர், அதிகம் பேசமாட்டார். வாடகை பேசப் போனபோது வழக்கப்படி கணவரிடம் பேச்செடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "என்னோட பறைஞ்சு என்ன? வீட்டுக்காரிக்கிட்டக் கேளுங்க" என்றார். பறைவது என்றால் இங்கே பேசுவது. வீட்டுக்காரி என்றால் நம் ஊரில் மனைவி. இங்கே அதற்கு அசலான பொருள், வீட்டுக்குச் சொந்தக்காரி.

இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்தால் தகப்பன் வீடு கட்டத் தொடங்குகிறான். கல்யாணமானதும் மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருக்கிறான். அடுத்த மகளும் வளர்ந்துவிட்டால் தாயும் தகப்பனும் முதல் வீட்டை மூத்தவளுக்கு விட்டுவிட்டுப் பின்வளவில் இன்னொன்று கட்டிக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஓயாமல் வேலை கிடைத்ததற்கு இதுதான் காரணம். இங்கே என்னை "மேசன்" என்பார்கள். மேசன் கட்டிய வீடெல்லாம் யாரோ ஒரு பெண்ணின் வீடு.

வந்த புதிதில் தங்கப்பிள்ளை அக்காள் இசக்கியிடம் கேட்டாள்: "உனக்கு ஊரில வீடு இல்லியா புள்ள?"

"இவுக அக்கா வீடு இருக்கு."

"அது மச்சாள்ட வீடு. உன்ட வீடு எங்க? உன்ட தாய் தரல்லியா?"

"எங்க ஊர்ல அப்படிக் குடுக்கறதில்லக்கா. கட்டிக்குடுத்தா அவங்க வீட்டுக்குப் போயிரணும்."

தங்கப்பிள்ளை அக்காள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். "மறுகா ஒரு சண்டை வந்தா இவ எங்க போறது?" மறுகா என்றால் பிறகு.

நான் சிரித்தேன். இசக்கி சிரிக்கவில்லை. அது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கெட்டதையும் சொல்லவேண்டும். எங்கள் முதல் பிள்ளை ஆண். குளிர் காய்ச்சல் கண்டு போய்விட்டான். இந்த மணலில்தான் வைத்தோம். உடனே ஊருக்குப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தேன். மூட்டைகூடக் கட்டினேன். தங்கப்பிள்ளை அக்காள் வந்து இசக்கியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கூடக் கூட அழுதாள். சமைத்து ஊட்டினாள். மாதக்கணக்கில் அப்படித்தான். மூட்டை கட்டியபடியே கிடந்தது. பிறகு ஒருநாள் இசக்கியே அதைப் பிரித்தாள்.

அதன்பின் கோமதி பிறந்தாள். இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். பாதிநாள் அவளுக்குச் சோறு தங்கப்பிள்ளை அக்காள் கையால்தான்.

4

யுத்தத்துக்குச் சற்று முன்பிருந்தே இந்தியர்களைப் பற்றி இங்கே பேச்சு மாறியது. ஒரு காரியத்துக்காக அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். எழுத்தர் நல்ல மனிதர்தான்.

"நீங்கள் இந்த நாட்டில் நிலையாக இருப்பவரா, வந்து போகிறவரா?" என்று கேட்டார்.

"வந்தேன், போகவில்லை" என்றேன்.

"அப்படி எழுத இடமில்லை."

தகப்பன் பிறந்த ஊர், நான் பிறந்த ஊர், வந்த வருஷம் எல்லாம் சொன்னேன். கடைசியில், இனி இந்தியா போனால் திரும்பி வருவதற்கு அனுமதி வேண்டியிருக்கும், யோசித்துப் போங்கள் என்றார். அந்தச் சொல் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. யுத்தம் வந்து கடலும் பயமாயிற்று. அக்காள் கணவர் இறந்துபோன செய்தி, காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்தது. வளர்த்தவளின் தாலி இறங்கிய வேளையில் நான் பக்கத்தில் இல்லை. இங்கே வாவிக்கரையில் போய்த் தலை முழுகினேன். வெளிநாட்டு வாழ்வின் நஷ்டக் கணக்கில் முதலில் எழுதவேண்டியது இதுதான்.

யுத்தத்தின் நடுவிலேதான் தங்கப்பிள்ளை அக்காளின் வளவை அடுத்த துண்டு விலைக்கு வந்தது. வாங்கத் துணிந்தேன். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு தொடங்குமுன் கேட்டார்: "ஆருட பேரில?"

"என் பேர்லதான் ஐயா."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாட்சிக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பொம்புளப் புள்ள ஒண்டு இருக்குதெண்டு சொன்னாங்களே. மறுகா ஏன் உங்கட பேரில? ஆம்புளைக்கு வீடு எதுக்கு?"

பத்திரத்துக்கு இங்கே உறுதி என்று பெயர். உறுதி கோமதி பேரில் ஆயிற்று. அந்த மண்ணில் என் கையாலேயே வீடு கட்டினேன். ஊரார் வீட்டுக்கு எப்படிக் கட்டினேனோ அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சுண்ணாம்பு. வளவில் ஒரு வேப்பமரம் நின்றது, அதை வெட்டவில்லை.

5

ஆனால் மனதுக்குள் வேறொரு திட்டம் இருந்தது. புறப்படும் காலத்தில் அக்காளிடம் சொல்லியிருந்தேன்: "எனக்கு மக பிறந்தா உன் மகனுக்குத்தான்." அக்காள் மகன் ஆறுமுகம் அப்போது கைப்பிள்ளை. நம்மில் இது புதிதல்ல. கோமதியை அங்கே கட்டிக்கொடுப்பது, பிறகு நாங்களும் இந்த வீட்டை விற்றுவிட்டு ஊர் திரும்புவது. வீடு கட்டும்போதும் அதைத்தான் எண்ணிக்கொண்டே கட்டினேன். நல்ல வீடு நல்ல விலைக்குப் போகும்!

யுத்தம் முடிந்ததும் அக்காளும் ஆறுமுகமும் வந்தார்கள். அக்காளை ரயிலடியில் பார்த்ததும் என் வயதெல்லாம் போய்விட்டது. வெள்ளைச் சேலையில் சின்னதாக ஆகியிருந்தாள். "ஏலே, இம்புட்டு நரைச்சுப் போச்சே உனக்கு" என்று தலையைத் தடவினாள்.

வீட்டு வாசலில் கோமதி ஓடி வந்து, "வாங்க மாமி!" என்றாள். இங்கே தகப்பனின் சகோதரியை மாமி என்பார்கள். அத்தை என்ற சொல்லுக்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்த அக்காளின் முகம் ஒரு கணம் வாடிப்போயிற்று.

ஆறுமுகம் தங்கமான பையன். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். கோமதியோடு கூச்சமில்லாமல் பேசினான். வாவிக்கரைக்குப் போய்விட்டு வந்து, "மாமா, இந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே இருந்தா பசி மறந்துருது" என்றான். எல்லாம் கூடிவருகிறது என்றே நம்பினேன்.

ஒருநாள் மாலை கோமதி வெளியே இருக்கும்போது அக்காள் பேச்செடுத்தாள். ஆவணியில் நாள் பார்த்திருக்கிறதாம். அடுத்த மாதம் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படலாமாம். கோமதி உள்ளே வந்தாள்.

"நான் ஏன் போவான் மாமி?"

அக்காளுக்கு விளங்கவில்லை. "எவன் போவான்? ஏன் போவான்னு யாரைக் கேக்குதா இவ?" என்று என்னைப் பார்த்தாள். இங்கே 'நான் ஏன் போகவேண்டும்' என்பதை அப்படித்தான் கேட்பார்கள். நான் விளக்கிச் சொன்னேன்.

"கலியாணத்துக்கு நான் ஏலாதெண்டு சொல்லல்ல" என்றாள் கோமதி. "அத்தான் நல்லவர். இஞ்ச வரட்டும். வீடு இருக்குதானே?"

ஆறுமுகம் தலை கவிழ்ந்தான். "அது முடியாது கோமதி. வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊர்ல சிரிப்பாங்க" என்றான்.

"உங்கட ஊருக்குப் பொம்புள வந்தா சிரிக்கமாட்டாங்களா?"

"பொண்ணு வாறதுதானே வழக்கம்."

"இஞ்ச ஆம்புள வாறதுதான் வழக்கம்."

இரண்டு பேரும் கோபமாகப் பேசவில்லை. ஒருவருக்கொருவர் வருத்தத்தோடுதான் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாயிற்று. சண்டை என்றால் சமாதானம் செய்யலாம்.

அக்காள் என் பக்கம் திரும்பினாள். "ஏலே, உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ நான். உன் வாயால சொல்லு. பிள்ளை வருமா, வராதா?"

தகப்பன் ஒரு சொல் சொன்னால் பெண் புறப்படும் ஊரில் பிறந்தவன் நான். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. சுவரோரம் நின்ற இசக்கியைப் பார்த்தேன். அக்காள் வந்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசவே இல்லை. அக்காள் முன்னால் அவள் என்றைக்குமே பேசியதில்லை. எனக்காக என்ன, தனக்காகக்கூட.

"நீ என்ன சொல்லுத?" என்றேன்.

"அவ இங்கயே இருக்கட்டும்" என்றாள் இசக்கி. அவ்வளவுதான். ஆனால் அதை அக்காளைப் பார்த்துச் சொன்னாள்.

அக்காள் புறப்பட்டுப் போனபோது ரயிலடியில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. "போறேன்" என்றாள். ஆறுமுகம் என் காலைத் தொட்டுவிட்டு ஏறினான். அதன்பின் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அக்காளைப் பார்த்தால், தம்பி நன்றாக இருக்கிறான் என்று சொல்லுங்கள். வேறொன்றும் சொல்லவேண்டாம்.

6

தங்கப்பிள்ளை அக்காளுக்கு ஒரு தம்பி. வாவிக்கு மேற்கே வெல்லாவெளியில் பெண் எடுத்து, வழக்கப்படி அங்கேயே போய்விட்டவர். வயல் செய்கிறார். அவருடைய மகன் நல்லதம்பி மீனுக்கும் நெல்லுக்குமாக இங்கே வந்துபோவான். அவனுக்குக் கோமதியைக் கேட்டார்கள். கோமதிக்கும் சம்மதம் என்று இசக்கி சொன்னாள்.

பேச வந்த பெரியவர் ஒருவர், "புள்ள என்ன குடி?" என்று கேட்டார். குடி என்பது இங்கே தாய்வழி வரும் குலப்பிரிவு. கோவிலிலும் கல்யாணத்திலும் அதைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. கச்சேரியில் தகப்பனின் ஊரைக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். இவர்கள் தாயின் வழியைக் கேட்கிறார்கள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த இசக்கிக்கு இங்கே எந்தக் குடி? எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

தங்கப்பிள்ளை அக்காள் உள்ளேயிருந்து வந்தாள். "குடி கேட்டா என்ட குடியைச் சொல்லுங்க. இவ என்ட கையால திண்டு வளர்ந்த புள்ள. என்ட தம்பிட மகனுக்கு என்ட மகளைக் குடுக்க ஆரைக் கேக்கணும்?"

பெரியவர் சற்று யோசித்தார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை; வேறு சிலரிடமும் பேசவேண்டும் என்று போனார். பேசினார்கள், திரும்பி வந்தார்கள், முடிவில் வெற்றிலை மாற்றினோம். இரத்த சம்பந்தம் இல்லாத ஒருத்தி, தன் தாயின் தாயின் தாயிடமிருந்து வந்த ஒன்றை எடுத்து என் மகளுக்குப் போர்த்திவிட்டாள். நம் ஊரில் எனக்காக யாரும் இப்படிச் செய்திருப்பார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். என்னால் சொல்ல முடியவில்லை.

7

கல்யாணம் முடிந்து நல்லதம்பி நிரந்தரமாக வந்த அன்று நான் துறைக்குப் போயிருந்தேன். மேற்குக் கரையிலிருந்து தோணி வந்தது. ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ஒரு மண்வெட்டி. அக்கரையில் அவன் தாய் நின்றாளாம், தோணி மறையும்வரை அழுதாளாம். தோணிக்காரர் சொன்னார். இறங்கியவனின் கண்ணும் சிவந்திருந்தது. இருபத்து நான்கு வயது ஆண்பிள்ளை. முகத்தை வாவித் தண்ணீரில் கழுவிவிட்டு, "வெயில் மாமா" என்றான்.

வீட்டுக்கு வந்தோம். கோமதியும் தங்கப்பிள்ளை அக்காளும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். நல்லதம்பி பெட்டியைக் கையில் பிடித்தபடியே நடுவீட்டில் நின்றான். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உட்காரலாமா என்றும் தெரியவில்லை. தண்ணீர் வேண்டும்போல் இருந்தது, கேட்கக் கூச்சம். அவன் கண்கள் சுவரிலிருந்து சுவருக்குப் போய் வந்தன. மண்டபத்து முகாமில் வரிசையில் நின்ற என்னை அங்கே பார்த்தேன்.

பக்கத்தில் இசக்கி நின்றுகொண்டிருந்தாள். அவள் அவனையே பார்த்தபடி இருந்தாள். அப்படி அவள் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

"கடல் தாண்டி வந்தப்போ உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கடல்ல என்ன இருக்கு? நீங்க கூட இருந்தீய" என்றாள். "அதுக்கு முந்தி, உங்க அக்கா வீட்டு அடுக்களையில எந்தச் சட்டி எங்க இருக்குன்னு தெரியாம நின்னேன் பாருங்க. அன்னைக்கு இருந்துச்சு."

இத்தனை வருஷமாகப் புலம்பெயர்ந்தவன் நான் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறையாகப் புலம்பெயர்ந்தவள் ஒருத்தி பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். அக்காளும் ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டு அடுக்களையில் அப்படி நின்றவள்தானே? என் தாய்? ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி வந்து நின்றவர்கள். எவரும் அதை வெளிநாட்டு அனுபவம் என்று எழுதவில்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இசக்கி போய் நல்லதம்பியின் கையிலிருந்த பெட்டியை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். "வாங்க தம்பி" என்று உள்ளே அழைத்துப் போனாள். அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"தண்ணிப்பானை இது. செம்பு இங்க இருக்கும். உப்பு, புளி இந்த உறியில. ராத்திரி பசிச்சா கேக்கவேண்டாம், எடுத்துச் சாப்பிடுங்க. உங்க துணிக்கு இந்தக் கொடி. அவ ஏதாவது சொல்லிட்டா, கோவமா இருந்தா, அங்க அந்த வேப்பமரத்தடியில போய் இருங்க. யாரும் வந்து ஏன்னு கேக்கமாட்டாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"ஓம் மாமி" என்றான் நல்லதம்பி.

கொஞ்ச நேரத்தில் செம்பு பானையில் முட்டுகிற சத்தமும், அவன் மடக்கு மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தமும் கேட்டன.